வானொலியும் வேட்பாளரும்: பிரித்தானிய நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரித்தானிய நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கும் எவரும் வானொலியிலோ தொலைக்காட்சியிலோ ஒரு நிமிடத்தைக்கூடக் காசு கொடுத்து வாங்க முடியாது. 2003ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம் அவ்விரண்டிலும் அரசியல் விளம்பரத்தை முற்றாகத் தடை செய்திருக்கிறது. கட்சிகளுக்கு இலவசமாக ஒதுக்கப்படும் தேர்தல் ஒலிபரப்புகள் உண்டு என்றாலும் அவை கட்சிகளுக்கே உரியவை. பெரிய கட்சிகள் நீங்கலாக ஏனையவை மொத்த இடங்களில் ஆறில் ஒரு பங்கிலாவது போட்டியிட்டால்தான் அவற்றுக்குத் தகுதி பெறும், 650 தொகுதிகளில் அது நூற்றுக்கும் அதிகம். எனவே ஒரு தொகுதியில் நிற்கும் வேட்பாளர் ஆளுங்கட்சிக்காரராக இருந்தாலும், 500 பவுண் கட்டுப்பணம் செலுத்திய சுயேச்சையாக இருந்தாலும், வானலைக்குள் நுழைய அவருக்கு ஒரே வாசல்தான் இருக்கிறது: நிலையத்தின் ஆசிரியர் பீடம் அவரை அழைக்க வேண்டும்.

அந்த அழைப்பை எப்படிப் பெறுவது, பெற்றபின் எப்படி நடந்துகொள்வது, எந்த விதிகள் உங்களைக் கட்டுப்படுத்துகின்றன, எவை உங்களைக் காக்கின்றன என்பவற்றைத் தமிழில் ஒரே இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம். 2024 ஜூலையில் உமா குமரன் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்று பிரித்தானிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். இனிவரும் தேர்தல்களில் நம்மவர் இன்னும் பலர் நிற்பார்கள். அவர்களுக்காக வேலை செய்யும் இளையோர் அதைவிடப் பலர் இருப்பார்கள். துண்டுப்பிரசுரத்துக்கும் சமூக ஊடகத்துக்கும் அவர்கள் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட உள்ளூர் வானொலிக்குக் காட்டுவதில்லை என்பதை நான் கவலையோடு பார்த்துவருகிறேன். இரவுப் பணி முடிந்து வண்டியோட்டித் திரும்புபவரும், வீட்டில் முதியவரைப் பராமரிப்பவரும், எந்தக் கட்சியின் பக்கத்தையும் பின்தொடராதவரும் கேட்டுக்கொண்டிருக்கும் இடம் அது.

எந்த நிலையம், எந்த நேரம்

பிபிசியின் உள்ளூர் வானொலி 1967 நவம்பரில் லெஸ்டரில் தொடங்கியது. இன்று இங்கிலாந்தில் 39 நிலையங்கள் இருக்கின்றன. ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி பிபிசி வானொலிகள் உண்டு. 2023இல் செய்யப்பட்ட மாற்றங்களுக்குப் பிறகு, வார நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் இங்கிலாந்து நிலையங்களின் பெரும்பாலான நிகழ்ச்சிகள் அயல் நிலையங்களோடு பகிரப்படுபவையாகிவிட்டன. இந்த ஒரு விவரம் உங்கள் பரப்புரை அட்டவணையையே மாற்ற வேண்டும். உங்கள் தொகுதியைப் பற்றி உங்கள் தொகுதி மக்களிடம் பேசக்கூடிய நேரம் பெரும்பாலும் காலையிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரையிலேயே இருக்கிறது. காலை நிகழ்ச்சிக்கான ஆட்களை முந்தைய நாள் பிற்பகலிலேயே தயாரிப்பாளர்கள் தேடத் தொடங்குவார்கள். எல்லோரும் வீடு வீடாகப் போயிருக்கும் அந்த வேளையில் அலுவலகத் தொலைபேசியை எடுக்க ஒருவர் இருக்க வேண்டும். எடுப்பவருக்கு வேட்பாளரின் மறுநாள் காலை நிகழ்வுகள் தெரிந்திருக்க வேண்டும், அங்கேயே சம்மதம் சொல்லும் அதிகாரமும் இருக்க வேண்டும். "கேட்டுச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டால் தயாரிப்பாளர் அடுத்த எண்ணை அழைத்துவிடுவார்.

வணிக வானொலி 1973இல் லண்டனின் எல்பிசி நிலையத்துடன் தொடங்கியது. இன்று அவற்றில் பல பெரிய வலையமைப்புகளின் பகுதிகளாக இருப்பதால், உங்களுக்குக் கிடைப்பது உள்ளூர்ச் செய்தியறிக்கையில் ஓரிரு வாக்கியங்களாகவே இருக்கும். அதற்கேற்ப, ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய முழுமையான இரண்டு வாக்கியங்களைத் தயாராக வைத்திருங்கள். சமூக வானொலிகள் வேறு வகை. இலாப நோக்கற்று, பெரும்பாலும் தொண்டர்களால் நடத்தப்படும் இவற்றுக்கு, பிரித்தானிய ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஆஃப்காம் உரிமம் வழங்குகிறது. அங்கே நேரம் தாராளமாகக் கிடைக்கும். ஆயினும் நிலையத்தை நடத்துபவருக்குத் தேர்தல் விதிகளில் பழக்கம் குறைவாக இருக்கக்கூடும் என்பதால், அந்த விதிகள் உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

விதிகள்

ஆஃப்காமின் ஒலிபரப்பு விதிக்கோவையில் ஆறாவது பிரிவு தேர்தலுக்கு உரியது. சில பக்கங்கள்தான், வேட்பாளரும் அவருடைய தேர்தல் முகவரும் அதை ஒருமுறையேனும் முழுமையாகப் படிக்க வேண்டும். பிபிசி ஒவ்வொரு தேர்தலுக்கும் தனக்கெனத் தனி வழிகாட்டுதல்களையும் வெளியிடுகிறது. நாடாளுமன்றப் பொதுத்தேர்தலில் ஆஃப்காம் விதிகளின்படியான தேர்தல் காலம் நாடாளுமன்றம் கலைக்கப்படும் நாளில் தொடங்கி வாக்குப்பதிவு முடியும் நேரம் வரை நீடிக்கிறது.

பலருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு: எல்லா வேட்பாளர்களுக்கும் சரிசமமான நேரம் தர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் அவரவருக்குரிய அளவில் இடம் தர வேண்டும் என்றே விதி கேட்கிறது. அந்த அளவு, கடந்த தேர்தல்களில் பெற்ற ஆதரவையும் இப்போதைய ஆதரவுக்கான சான்றையும் கொண்டு முடிவாகிறது. கருத்துக்கணிப்புகளைவிட உண்மையில் விழுந்த வாக்குகளுக்கே ஆஃப்காம் கூடுதல் மதிப்பளிக்கிறது. நீங்கள் சிறிய கட்சியைச் சேர்ந்தவராகவோ சுயேச்சையாகவோ இருந்தால், "எனக்கும் உரிமை இருக்கிறது" என்று தொலைபேசியில் வாதாடுவதால் பயன் இல்லை. சென்ற தேர்தலில் உங்கள் தரப்பு இந்தத் தொகுதியில் பெற்ற வாக்குகள், உள்ளூராட்சி மன்றத்தில் உள்ள இடங்கள், அண்மைய இடைத்தேர்தல் முடிவுகள் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் தொகுத்து, தேர்தல் அறிவிக்கப்பட்ட வாரத்திலேயே நிலையத்தின் ஆசிரியருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் யாரை அழைப்பது என்று தீர்மானிக்கும்போது தன் தீர்மானத்துக்குக் காரணம் காட்ட வேண்டியவராகவும் இருக்கிறார். உங்கள் பக்கம் இருக்கும் சான்றை அவர் கையில் கொடுப்பது அவருக்கும் உதவி.

தொகுதி நிகழ்ச்சி என்பதை நிலையங்கள் ஏன் அஞ்சுகின்றன என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் தொகுதியைப் பற்றிய நிகழ்ச்சியில் நீங்கள் பங்கேற்றால், அங்கே குறிப்பிடத்தக்க ஆதரவுள்ள ஏனைய வேட்பாளர்களுக்கும் பங்கேற்கும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும். வேட்புமனுத் தாக்கல் முடிந்த பிறகு என்றால், அத்தொகுதியில் நிற்கும் அனைவரின் பெயரும் கட்சியும் அடங்கிய பட்டியலையும் சொல்ல வேண்டும். 2024இல் நாடெங்கும் 4,500க்கும் மேற்பட்டோர் போட்டியிட்டனர். சராசரியாகத் தொகுதிக்கு ஏழு பேர். ஐந்து நிமிட உரையாடலுக்காக ஏழு பேரைத் தொடர்புகொண்டு, ஏழு பெயர்களை வாசித்து முடிப்பதைவிடக் காலநிலையைப் பற்றிப் பேசுவது தயாரிப்பாளருக்கு எளிது. ஆகவே உங்களை அழைக்காததில் பகைமை இருப்பதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். மனுத்தாக்கல் முடியும் நாளுக்கு முன்பே ஓர் உள்ளூர் விவகாரத்தை முன்வைத்து அணுகினால், பட்டியல் வாசிக்கும் சுமையாவது அவருக்கு இராது. 2024இல் நாடாளுமன்றம் மே 30இல் கலைக்கப்பட்டது, மனுத்தாக்கல் ஜூன் 7இல் முடிந்தது. அந்த இடைவெளி எவ்வளவு குறுகியது என்று பாருங்கள்.

இன்னொரு சூழ்நிலையும் வரும். வீட்டுவசதி, மருத்துவச் சேவை போன்ற ஒரு பொது விவகாரத்தில் உங்கள் கட்சியின் சார்பில் பேச உங்களை அழைப்பார்கள். தொடங்குமுன் தயாரிப்பாளர், "உங்கள் தொகுதியைப் பற்றி எதுவும் சொல்லிவிடாதீர்கள்" என்பார். அது அவருடைய தனிப்பட்ட விருப்பம் என்று நினைத்துவிடக் கூடாது. ஏனைய வேட்பாளர்களுக்கு அதே வாய்ப்பு இல்லாதபோது, வேறு பொருள் குறித்த நிகழ்ச்சியில் ஒரு வேட்பாளர் தம் தொகுதிக்காக வாதாட இடம் தரக்கூடாது என்பது விதி. நேரலையில் நீங்கள் அதை மீறினால் அறிவிப்பாளர் உங்களை இடைமறிக்க வேண்டியிருக்கும், கேட்பவர் காதில் அது நீங்கள் தடுமாறியதுபோலத்தான் ஒலிக்கும். அதன்பின் அந்த நிலையம் உங்களை மறுபடி அழைக்கத் தயங்கும்.

எதிராளிகள் வர மறுத்தால் என்ன ஆகும்? முன்பு 1983ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்கீழ் ஒரு வேட்பாளர் ஒத்துக்கொள்ள மறுத்தே தொகுதி நிகழ்ச்சியை முடக்கிவிட முடிந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. முறையான அழைப்பு விடுக்கப்பட்டிருந்தால், வராதவரை விட்டுவிட்டு நிகழ்ச்சி நடக்கும், அவர் அழைக்கப்பட்டார் என்பதும் சொல்லப்படும். வெற்றி உறுதி என்று நம்பும் தொகுதிகளில் விவாதங்களைத் தவிர்க்கும்படி வேட்பாளருக்கு ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆலோசனையை ஏற்காதீர்கள். மக்களின் பிரதிநிதியாக விரும்புபவர் மக்கள் கேட்கும் வானொலியில் பதில் சொல்ல மறுப்பது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

கலையகத்துக்குள்

உள்ளூர் நேர்காணல் மென்மையாக இருக்கும் என்ற எண்ணம் மிகப் பெரிய ஆபத்து. 2022 செப்டம்பர் 29ஆம் நாள் காலை, அன்றைய பிரதமர் லிஸ் டிரஸ் பிபிசியின் எட்டு உள்ளூர் நிலையங்களுக்கு அடுத்தடுத்துப் பேட்டியளித்தார். தேசிய ஊடகங்களின் அரசியல் நிருபர்களை எதிர்கொள்வதைவிட இது இலகுவாக இருக்கும் என்று எவரேனும் நினைத்திருந்தால் அந்த நினைப்பு முதல் பேட்டியிலேயே பொய்த்தது. வீட்டுக்கடன் வட்டி, எரிவாயுக் கட்டணம், லங்காஷயரில் நிலத்தடிப் பாறைகளைப் பிளந்து எரிவாயு எடுக்கும் திட்டம் என்று ஒவ்வொரு நிலையமும் தன் நேயர்களின் கேள்வியையே கேட்டது. பதிலுக்கு முன் விழுந்த நீண்ட மௌனங்கள் நாடெங்கும் திரும்பத் திரும்ப ஒலிபரப்பாகின. அந்த அறிவிப்பாளர்கள் தாம் பேசும் ஊரிலேயே வாழ்பவர்கள். எந்த மருத்துவமனையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எந்தச் சந்தியில் எத்தனை மாதமாக வீதி வேலை முடியாமல் கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எனவே போவதற்கு முன் அந்த நிகழ்ச்சியை ஒரு வாரமாவது கேளுங்கள். நேயர்கள் எதைப் பற்றி அழைத்துப் பேசுகிறார்களோ அதுதான் உங்களிடம் வரும் கேள்வி.

எண்களைப் பொறுத்தவரை மனப்பாடத்தை நம்பக் கூடாது. 2015 பிப்ரவரியில் பசுமைக் கட்சித் தலைவர் நத்தலி பென்னற் எல்பிசி வானொலியில் ஐந்து இலட்சம் சமூக வீடுகள் கட்டும் திட்டத்தின் செலவைச் சொல்ல முடியாமல் தடுமாறியது அத்தேர்தலில் பலர் நினைவில் நின்றது. திட்டத்தின் தரத்துக்கும் அந்தத் தடுமாற்றத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் கேட்பவருக்கு முகமோ படமோ இல்லை, குரல் மட்டுமே இருக்கிறது. வானொலியில் மூன்று நொடி மௌனம் மிக நீளமானது. வாக்குறுதி ஒவ்வொன்றுக்கும் அதன் செலவு, பணம் வரும் வழி, முடியும் ஆண்டு ஆகிய மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரு தடித்த அட்டையில் எழுதி எடுத்துப்போங்கள். தாள் வேண்டாம், புரட்டும்போதும் கை நடுங்கும்போதும் அதன் சலசலப்பை ஒலிவாங்கி எடுத்துக்கொடுத்துவிடும். எண் மறந்துபோனால், "சரியான தொகையைப் பார்த்து நிகழ்ச்சி முடிவதற்குள் தருகிறேன்" என்று உடனே சொல்லிவிட்டு, சொன்னபடியே தாருங்கள்.

ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண் அளவு இடைவெளி விட்டு, சற்றுப் பக்கவாட்டில் பேசினால் 'ப' ஓசை வெடிக்காது. மேசையில் தட்டுவதையும், மோதிரமோ வளையலோ விளிம்பில் உரசுவதையும் தவிருங்கள். ஒலித்தரம் பார்ப்பதற்காகக் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். நேரலையில் பேசப்போகும் அதே குரலில் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசுவதாக இருந்தால், கதவைச் சாத்தி, திரைச்சீலையும் தரைவிரிப்பும் உள்ள அறையில் அமருங்கள். ஒலிபெருக்கி நிலையில் வைத்துப் பேசாதீர்கள். உங்கள் அருகில் வானொலி ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. முடியுமானால் கலையகத்துக்கே போவது நல்லது. நேருக்கு நேர் அமர்ந்திருக்கும்போது இடைமறிப்பு குறைகிறது, அறிவிப்பாளரின் கண்களைப் பார்த்தே அடுத்த கேள்வியின் போக்கைக் கணிக்கவும் முடிகிறது.

அறைக்குள் நுழைந்த கணத்திலிருந்து வாகனத்தில் ஏறித் தொலைவு போகும்வரை எல்லா ஒலிவாங்கிகளும் இயங்குவதாகவே கருதுங்கள். 2010 ஏப்ரல் 28இல் ரொச்டேலில் வாக்காளர் ஒருவரோடு பேசிவிட்டுக் காரில் ஏறிய பிரதமர் கோர்டன் பிரவுன், தம் சட்டையில் தொலைக்காட்சியின் ஒலிவாங்கி இன்னும் இருப்பதை மறந்து அவரை இழித்துப் பேசினார். அன்றே பிபிசி ரேடியோ 2இல் அந்தப் பதிவை அவர் முன்னாலேயே ஒலிக்கவிட்டார்கள். அவர் தலையைக் கையில் தாங்கிக் குனிந்த காட்சியை வானொலிக் கலையகத்தின் கமரா பதிவு செய்தது. வானொலிதானே என்று உடையிலும் முகக்குறிப்பிலும் கவனக்குறைவாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

சட்டம் தொடர்பாக ஒன்று. வேட்பாளருக்கு நாடாளுமன்றச் சிறப்புரிமை கிடையாது. தேர்தல் விவகாரம் என்பதற்காக அவதூறு வழக்கிலிருந்து தனிப் பாதுகாப்பும் இல்லை. இன்னொரு வேட்பாளரின் தனிப்பட்ட ஒழுக்கம் பற்றி உண்மைக்கு மாறானதைக் கூறுவது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106ஆவது பிரிவின்கீழ் தேர்தல் குற்றமாகவும் ஆகலாம். எதிராளியின் வாக்களிப்புப் பதிவை, கொள்கையை, செய்த வேலையை, செய்யாத வேலையை விமரிசியுங்கள். ஆளை விட்டுவிடுங்கள்.

நேயர்கள் அழைக்கும் நிகழ்ச்சிக்கு உங்கள் தொண்டர்களைச் சாதாரண வாக்காளர்கள்போல அழைக்கச் சொல்வது வேண்டவே வேண்டாம். அது நேயரை ஏமாற்றுவது. கண்டுபிடிக்கப்பட்டால் அதுவே அன்றைய செய்தியாகிவிடும்.

தமிழ் வானொலிகள்

நம்மவர் அதிகம் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆஃப்காம் உரிமத்தோடு இயங்கும் வானொலி எந்த மொழியில் பேசினாலும் அதே விதிக்கோவைக்கு உட்பட்டது. தமிழில் பேசினால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் தவறானது. முறைப்பாடு வந்தால் ஆஃப்காம் பதிவை மொழிபெயர்த்துப் பார்க்கும்.

ஒரு வேட்பாளர் தேர்தல் காலத்தில் எந்த நிகழ்ச்சியையும் அறிவிப்பாளராகவோ நேர்காண்பவராகவோ நடத்தக் கூடாது. சனிக்கிழமை தோறும் பழைய பாடல்களைத் தொகுத்து வழங்குபவராக இருந்தாலும், அதில் அரசியல் ஒரு சொல்கூட இல்லாவிட்டாலும், ஒலிவாங்கியை விட்டு இறங்கியே ஆக வேண்டும். பல ஆண்டு தொண்டாற்றியவருக்கு இது மனவருத்தம் தரும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் குரலுக்குப் பழகிய ஆயிரம் காதுகள் மற்ற வேட்பாளர்களுக்கு இல்லை என்பதை நினைத்தால் விதியின் நியாயம் விளங்கும். அதேபோல, அறிவிப்பாளர் உங்கள் நண்பராக இருந்து, "இவருக்கு வாக்களியுங்கள்" என்று நேரலையில் சொன்னால் தண்டிக்கப்படுவது நிலையம்தான். அந்த அன்பை வானலைக்கு வெளியே காட்டும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

"சிறு தொகை கொடுத்தால் அரைமணி நேர நேர்காணல்" என்று எவரேனும் முன்வந்தால், அனுசரணை, நன்கொடை என்று எந்தப் பெயர் சூட்டினாலும் அது தடை செய்யப்பட்ட அரசியல் விளம்பரமே. எழுத்தில் மறுத்து, அந்த மறுப்பின் பிரதியை உங்கள் தேர்தல் முகவரிடம் கொடுத்து வையுங்கள். முறையான நேர்காணலுக்கு வானொலி தரும் நேரம் உங்கள் தேர்தல் செலவுக் கணக்கில் சேராது. இணையத்தில் மட்டும் வெளியாகும் ஒலி விளம்பரங்களுக்கு ஒலிபரப்புத் தடை பொருந்தாது. ஆனால் அவை செலவுக் கணக்கில் வரும், யார் சார்பில் யார் வெளியிட்டது என்ற விவரத்தையும் அவற்றில் சேர்க்க வேண்டும்.

கடல் கடந்த ஊடகங்கள் குறித்தும் ஓர் எச்சரிக்கை தேவை. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ இயங்கும் ஒரு தொலைக்காட்சியோ வானொலியோ, இங்குள்ள வாக்காளரை உங்கள் பக்கம் திருப்பும் நோக்கத்தோடு உங்களை வைத்து நிகழ்ச்சி செய்ய விரும்பினால், ஒப்புக்கொள்வதற்கு முன் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆவது பிரிவை உங்கள் முகவரிடம் படிக்கச் சொல்லுங்கள். பிரித்தானியாவுக்கு வெளியிலிருந்து அத்தகைய நோக்கத்தோடு தேர்தல் விடயத்தை ஒலிபரப்புவதையும் அதற்குத் துணைபோவதையும், பிபிசி அல்லது இங்கு உரிமம் பெற்ற நிலையத்தின் ஏற்பாட்டின் மூலம் நடந்தாலன்றி, அப்பிரிவு தடை செய்கிறது.

வாக்குப்பதிவு நாளும் முறைப்பாடும்

காலை ஏழு மணிக்கு வாக்குச்சாவடிகள் திறந்ததும் தேர்தல் விவகாரங்கள் பற்றிய விவாதமும் அலசலும் வானலையில் நின்றுவிடும். இரவு பத்து மணி வரை கருத்துக்கணிப்பும் சொல்லப்படாது. நீங்கள் வாக்களித்தீர்கள் என்பதைத் தவிர அன்று வானொலியில் உங்களைப் பற்றி எதுவும் வராது. ஏன் அழைக்கவில்லை என்று நிலையத்தை நச்சரிக்காதீர்கள். அஞ்சல் வாக்குகள் பிரிக்கப்படும்போது உங்கள் பார்வையாளர் கண்ட போக்கை எந்த நிருபரிடமும் கோடிகாட்டக்கூட வேண்டாம், அது குற்றம்.

உங்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதாக நம்பினால் முதலில் அதே நாளில் நிலையத்தின் ஆசிரியரோடு அமைதியாகப் பேசுங்கள். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும், சில வேளை அடுத்த நாள் நிகழ்ச்சியில் இடமும் கிடைக்கும். தீராவிட்டால், பிபிசி தொடர்பான முறைப்பாட்டை முதலில் பிபிசியிடமே எழுத்தில் அளிக்க வேண்டும். ஏனைய நிலையங்கள் தொடர்பாக நேரடியாக ஆஃப்காமுக்கு எழுதலாம். தேர்தல் காலத்து அவசர முறைப்பாடுகளை விரைந்து விசாரிக்க ஆஃப்காமில் தனித் தேர்தல் குழு இருக்கிறது. நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம், சொல்லப்பட்ட சொற்கள், மீறப்பட்டதாக நீங்கள் கருதும் விதியின் எண் ஆகியவற்றை எழுதி, பிபிசி நிகழ்ச்சி என்றால் அதற்கு முன்பு அவர்களிடம் அளித்த முறைப்பாட்டின் பிரதியையும் இணைத்து அனுப்புங்கள்.